ஆடிக் காற்றில் அளந்த வயர்லெஸ் இணைப்பு

எங்கள் வீட்டிலிருந்து தோப்புக்கு நேர்கோட்டில் 3.2 கிலோமீட்டர். பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவே இருக்கிறது ஊர். வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் தோப்பின் மோட்டார் ரூம் கூரை வெயிலில் மினுங்குவது தெரியும். இடையில் இருப்பதெல்லாம் தென்னை. தோப்புக்குள் செல்போன் சிக்னல் பேசும் அளவுக்குத்தான் வரும், மோட்டார் ரூமுக்குள் போய்விட்டால் அதுவும் இல்லை. 2022 தொடக்கத்தில் இரண்டு முறை இரவில் காய் களவு போனது. மோட்டாரின் செம்புக் கேபிளையும் ஒருமுறை அறுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு அவர் தோப்புக்குக் கிளம்புவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நான்கு கேமரா போட்டு, வீட்டு ஃபைபர் இணைப்பை வயர்லெஸ் மூலம் தோப்புக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தேன்.

எனக்குக் கோவையில் அலுவலக நெட்வொர்க் போடுகிற வேலை. கேபிளும் ஸ்விட்சும் நன்றாகத் தெரியும். வெட்டவெளியில் ரேடியோ இணைப்பு போட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு இணைப்பை ஒழுங்காக அளக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்தாறு மாதம் ஆனது. அந்த ஐந்தாறு மாதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கப்போகிற யாருக்காவது மூன்று மாதமாவது மிச்சமாகட்டும்.

முதலில் காகிதக் கணக்கு. இதைத் தவிர்த்துவிட்டு யாரும் கம்பத்தில் ஏற வேண்டாம். வெட்டவெளியில் ரேடியோ அலை எவ்வளவு இழக்கும் என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: 32.4, அதனுடன் தூரத்தின் லாகரிதம் 20 மடங்கு, அலைவரிசையின் லாகரிதம் 20 மடங்கு. தூரம் கிலோமீட்டரில், அலைவரிசை மெகாஹெர்ட்ஸில். 3.2 கிலோமீட்டருக்கும் 5,800 மெகாஹெர்ட்ஸுக்கும் போட்டால் இழப்பு ஏறக்குறைய 118 டிபி (டெசிபல், சக்தி எத்தனை மடங்கு கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் அளவு). என் ரேடியோவை 13 டிபிஎம் பவரில் வைத்தேன். டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டிபியில் சொல்லும் பவர். இரண்டு பக்க டிஷ்ஷுக்கும் தலா 23 டிபி ஈட்டம், அதாவது அலையை ஒரே திசையில் குவிப்பதால் கிடைக்கும் லாபம். மூன்றையும் கூட்டினால் 59. அதிலிருந்து 118-ஐக் கழித்தால் மைனஸ் 59 டிபிஎம். மறுமுனையில் இந்த அளவு சிக்னல் வந்து சேர வேண்டும். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் சிறிதானால் சிக்னல் பலம், பெரிதானால் பலவீனம். பேச்சில் மைனஸைச் சொல்லாமல் விட்டுவிடுவோம். பவரை இன்னும் ஏற்றக் கருவியில் வழி உண்டு. ஆனால் ஆன்டெனா ஈட்டத்தையும் சேர்த்துத்தான் சட்டம் வரம்பு வைக்கிறது. செட்டிங்கில் நாட்டை இந்தியா என்று சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது அனுமதிக்கும் அளவோடு நின்றுகொள்வதே முறை.

இந்த மைனஸ் 59 என்ற ஒற்றை எண்தான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வீட்டு மாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மனைவியின் தம்பி மோட்டார் ரூம் கூரையில். இருவர் காதிலும் போன். டிஷ்ஷை அசைத்து அசைத்து, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவன் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

“மாமா, 81... 79... 76. இப்ப மறுபடி 80.”

“அப்ப கொஞ்சம் திரும்பி வர்றேன். இப்ப?”

“76. இதுதான் மாமா உச்சம். ரெண்டு பக்கமும் எறங்குது.”

போல்ட்டை முறுக்கிவிட்டேன். இணைப்பு கிடைத்தது, பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சின்னச் செய்தி) போனது, அவன் கீழே இறங்கிச் சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு மட்டும் உறுத்தல். 59 வர வேண்டிய இடத்தில் 76. பதினேழு டிபி என்பது சின்ன வித்தியாசம் இல்லை. வர வேண்டிய பவரில் ஐம்பதில் ஒரு பங்குதான் வருகிறது. மறுபடி அவனைக் கூரை ஏற்றினேன். இந்த முறை நூல் நூலாக நகர்த்தாமல் தாராளமாகத் திருப்பினேன். 76-லிருந்து எண் சரிந்து சரிந்து 90-க்குப் போய், இணைப்பே அறுந்தது. அதோடு நிற்காமல் இன்னும் திருப்பினேன். ஒரு பத்துப் பன்னிரண்டு டிகிரி தாண்டியதும் “மாமா, வந்துருச்சு... 68... 63... 61!” என்று கத்தினான்.

டிஷ்ஷிலிருந்து ஒரே ஒரு கற்றை மட்டும் கிளம்புவதில்லை. நடுவில் பெரிய கற்றை, அதன் இரு பக்கமும் மெலிந்த பக்கக் கற்றைகள். நாங்கள் பிடித்து வைத்திருந்தது பக்கக் கற்றை ஒன்றை. அதற்கும் ஓர் உச்சம் இருக்கும், இரண்டு பக்கமும் இறங்கும், பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே தோன்றும். கணக்கு கையில் இல்லையென்றால் அந்த 76-ஐயே நம்பி வீட்டுக்குப் போயிருப்போம். கணக்குக்கும் அளவுக்கும் மூன்று நான்கு டிபி வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. பத்துக்கு மேல் போனால் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது, டேட்டா எவ்வளவு பாய்கிறது என்ற கேள்வி. சிக்னல் எட்டுவது ஒன்று, டேட்டா பாய்வது வேறொன்று. அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்தது. “மோட்டார் எத்தனை எச்பிங்கறதா முக்கியம்? கடைசி மரத்துக்கு எவ்வளவு தண்ணி போவுதுன்னு பாரு” என்றார். ரேடியோவின் திரையில் 300 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு 300 மெகாபிட் என்று காட்டியது. அது மோட்டாரில் ஒட்டியிருக்கும் எச்பி தகடு மாதிரி. காற்றில் இரண்டு ரேடியோக்களும் பேசிக்கொள்ளும் உச்ச வேகம் மட்டும்தான் அது. டேட்டா பொட்டலம் பொட்டலமாகப் போகும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும், வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை வர வேண்டும், இடைவெளி விட வேண்டும், கெட்டுப்போனதைத் திரும்ப அனுப்ப வேண்டும். அதெல்லாம் போக நல்ல இணைப்பில் பாதி கிடைத்தால் சந்தோஷப்படலாம்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்கிற தப்பு. தோப்பில் உட்கார்ந்து இன்டர்நெட் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினேன். 38 வந்தது. வீட்டு பிராட்பேண்ட் திட்டமே 40 தான். நான் அளந்தது என் ரேடியோவை இல்லை, நான் கட்டும் மாதச் சந்தாவை. அடுத்து ரேடியோவுக்குள்ளேயே இருக்கும் வேகச் சோதனையை ஓட்டினேன். அதில் பொட்டலங்களைத் தயாரிப்பதும் எண்ணுவதும் ரேடியோவின் சின்னப் பிராசஸர்தான். அது மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லும் எண்ணை நம்ப முடியாது. சரியான முறை ஒன்றுதான்: இந்தப் பக்கம் ஒரு கணினி, அந்தப் பக்கம் ஒரு கணினி, இரண்டையும் ரேடியோவுடன் கேபிளில் இணைத்து, நடுவில் இன்டர்நெட்டே இல்லாமல் ஐபெர்ஃப்3 ஓட்டுவது. வேகம் அளக்கும் இலவச மென்பொருள் அது, லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். தோப்புப் பக்கம் ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியை வைத்தேன்.

ஓட்டியதும் வந்தது 6 எம்பிபிஎஸ்.

சிக்னல் மைனஸ் 61, வேகம் 6. இது பொருந்தாத ஜோடி. அன்று இரவு முழுக்க கேபிளை மாற்றினேன், சேனலை மாற்றினேன், ஒன்றும் நகரவில்லை. காலையில்தான் செட்டிங்கில் தூரம் என்று ஒரு கட்டம் இருப்பது கண்ணில் பட்டது. அதில் சில நூறு மீட்டர் என்று இருந்தது.

வைஃபை வீட்டுக்குள் புழங்குவதற்காகப் பிறந்தது. ஒரு பொட்டலத்தை அனுப்பிவிட்டு ஒப்புகைக்காகச் சில மைக்ரோவினாடிதான் காத்திருக்கும். வராவிட்டால் தொலைந்தது என்று நினைத்து மறுபடி அனுப்பும். ஒளியின் வேகத்தில் போனாலும் கிலோமீட்டருக்கு 3.3 மைக்ரோவினாடி பிடிக்கும். எங்கள் தூரத்துக்குப் போய்வர 21. வைஃபை நேரத்தை எண்ணும் ஒரு காலக்கட்டமே 9 மைக்ரோவினாடிதான். ஒப்புகை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் பொறுமை இழந்து அதே பொட்டலத்தைத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. தூரத்தை 3.5 கிலோமீட்டர் என்று மாற்றினேன். 6 என்பது 94 ஆனது.

இந்தச் சிக்கலுக்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருப்பது பிறகு தெரிந்தது. 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியுள்ள கிராமக் கண் மையங்களையும் நெடுந்தூர வைஃபையால் இணைத்தார்கள், கிராமத்தில் இருப்பவரை மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசுவதற்காக. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையிலான குழு அந்த வேலையைச் செய்தது. ஒப்புகைக்குக் காத்திருக்கும் வழக்கமான முறை நெடுந்தூரத்துக்கு ஒத்துவரவில்லை என்று கண்டு, இந்த நேரம் நீ பேசு, அந்த நேரம் நான் பேசுகிறேன் என்று முறை வைத்துப் பேசும் ஏற்பாட்டுக்கு மாற்றினார்கள். அந்தக் குழுவின் மென்பொருளை வைத்துத்தான் 2007-ல் வெனிசுவேலாவில் எர்மான்னோ பியெத்ரோசெமோலி 382 கிலோமீட்டருக்கு வைஃபை இணைப்பு போட்டு, ஒவ்வொரு திசையிலும் சுமார் 3 எம்பிபிஎஸ் எடுத்தார். மலை உச்சியிலிருந்து தடையே இல்லாத பாதை அது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, தென்னை இருக்கிறது.

94-ஐப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யார் அளந்தாலும் 94 என்ற எண் அசையாமல் வந்து நின்றால் சந்தேகப்படுங்கள். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் (கேபிள்) போர்ட்டில், பொட்டலத்தின் மேல் ஒட்டும் முகவரி போன்ற தலைப்புச் செலவுகள் போக மிஞ்சும் உச்சம் அதுதான். என் ரேடியோவில் இருந்தது 100 எம்பிபிஎஸ் போர்ட். காற்றில் அதற்கு மேல் பாய்ந்திருக்கலாம், கேபிள் முனையில் அடைத்துக்கொண்டது. பழைய ராஸ்பெர்ரி பை 3-ஐ வைத்து அளந்தாலும் இதே சுவரில்தான் முட்டுவீர்கள்.

ஐபெர்ஃப்3-யில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இன்னும் சில உண்டு. சும்மா ஓட்டினால் 10 வினாடி மட்டும் ஓடும். காற்றில் போகும் இணைப்புக்கு அது போதவே போதாது. யுடிபி (மறுமுனையின் பதிலுக்குக் காத்திருக்காமல் அனுப்பும் முறை) சோதனையில் வேகத்தை நீங்கள் சொல்லாவிட்டால் அது 1 எம்பிபிஎஸ் மட்டும் அனுப்பும், இணைப்பே அவ்வளவுதான் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு திசையும் தனித்தனியாக அளக்க வேண்டும். எனக்கு முக்கியம் தோப்பிலிருந்து வீட்டுக்கு வரும் திசை, ஏனென்றால் கேமரா அங்கேதான் இருக்கிறது. வீடு ஊருக்குள் இருப்பதால் வீட்டுப் பக்க ரேடியோவின் காதில்தான் இரைச்சல் அதிகம். ஆகவே வீட்டுக்கு வரும் திசை எப்போதும் கொஞ்சம் மெலிந்தே இருந்தது.

நான்கு கேமராவும் சேர்ந்து 12 எம்பிபிஎஸ்தான் கேட்கும். என்னிடம் 94. மனம் நிறைந்து கோவை திரும்பினேன். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் படம் கண்ணாடி மாதிரி வந்தது.

ஆனி பிறந்து காற்று ஆரம்பித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பக்கம் ஆனி ஆடியில் துணி காயப்போட்டால் கொடியோடு போய்விடும். மதியம் ஆனால் கேமரா படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மழை விட்ட பிறகும் உடைந்தது. சில நாள் ராத்திரி ஏழெட்டு மணிக்கு, காற்றும் மழையும் இல்லாதபோதும் உடைந்தது. அப்பா போன் செய்வார்: “படம் நின்னுபோச்சுடா.” நான் மடிக்கணினியில் உள்ளே போய்ச் சோதிக்கும்போது பெரும்பாலும் சரியாக இருக்கும். சோதிக்கும் நேரத்தில் நன்றாக இருப்பதும், சோதிக்காத நேரத்தில் கெட்டுப்போவதும்தான் ரேடியோவின் சுபாவம்.

காய் பறிக்க வரும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், முப்பது வருஷமாக எங்கள் மரங்களில் ஏறுபவர். டிஷ்ஷை எங்கே வைத்திருக்கிறேன், எதை நோக்கி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, மரத்திலிருந்து இறங்கியதும் சொன்னார்: “ஏனுங் தம்பி, நீங்க மாசியில வெச்சீங்க. மாசியில மட்டை அசையாதுங்க. காத்துக் காலத்துல வந்து பாத்திருக்கோணும். நடுவால இருக்கற அந்தத் தோப்புல மட்டையெல்லாம் ஆளுயரத்துக்கு மேலயும் கீழயும் போய்ட்டு வருதுங்க.”

அவர் சொன்னதை எண்ணாக்கிப் பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு திசையிலும் 20 வினாடி ஐபெர்ஃப்3. அதே நொடியில் ரேடியோ காட்டும் சிக்னல் அளவு, இரைச்சல் அளவு. நாளுக்கு 96 வரி. கூடவே வினாடிக்கு ஒரு பிங், எத்தனை தொலைந்தது என்ற கணக்கு. ஒன்பது நாள் ஓட விட்டேன். சோதனை ஓடும் அந்த 20 வினாடியும் கேமராவின் இடத்தைச் சோதனையே பிடித்துக்கொள்ளும், அதனால் அதற்கு மேல் நீட்டவில்லை.

ஒன்பது நாள் வரிகளைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது, ஒரே நோய் என்று நான் நினைத்தது மூன்று நோயாகப் பிரிந்தது. எனக்கு இந்த முழு வேலையிலும் பெரிய பாடம் இங்கேதான் கிடைத்தது. சிக்னல் ஒரு பத்தியில், வேகம் அடுத்த பத்தியில். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை சிக்னல் மைனஸ் 63-க்கும் மைனஸ் 79-க்கும் நடுவே ஊஞ்சலாடியது, வேகமும் கூடவே ஆடி 4 எம்பிபிஎஸ் வரை இறங்கியது. காற்று அடங்கியதும் இரண்டும் பழைய நிலைக்கு வந்தன. இது பாதையில் மட்டை குறுக்கே வந்து போவது. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு மாற்றம்: காற்று நின்ற நள்ளிரவிலும் சிக்னல் மைனஸ் 66-க்கு மேல் ஏறவில்லை. திரும்பி வராத இறக்கம் என்றால் இயந்திரக் கோளாறு. போய்ப் பார்த்தால் தோப்புக் கம்பத்தில் டிஷ்ஷின் கிளாம்ப் காற்றுக்கு வழுக்கிக் கொஞ்சம் திரும்பியிருந்தது. கம்பத்தின் பெயின்ட் மேலேயே கிளாம்ப்பை இறுக்கியிருந்தோம், அந்த இடத்தில் பெயின்ட் வளையமாக உரிந்து தகரம் பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவது, இரவு ஏழிலிருந்து பத்து வரை: சிக்னல் அசையவே இல்லை, வேகம் மட்டும் பாதிக்குக் கீழே. இது அடுத்தவர் போடும் சத்தம். 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியை உரிமம் இல்லாமல் வெளியிலும் பயன்படுத்தலாம் என்று ஆனது. அது எனக்கு எவ்வளவு வசதியோ அவ்வளவு வசதி ஊரில் எல்லோருக்கும். எல்லோரும் வீட்டில் படம் பார்க்கும் நேரம் அது.

மழையைப் பற்றி ஊரில் இருக்கும் நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மழை பெய்தால் சிக்னல் போகும் என்பது டிடிஎச் பார்த்துப் பழகிய பேச்சு. அது பத்து கிகாஹெர்ட்ஸுக்கு மேல், விண்கோளிலிருந்து வருவது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 3 கிலோமீட்டருக்குப் பலத்த மழை பெய்தாலும் இழப்பு ஒரு டிபி சுமார்தான். என் வரிகளிலும் மழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தைவிட, மழை விட்ட அரை மணி நேரம்தான் மோசம். நனைந்த ஓலைதான் காரணம். தண்ணீர் ஏறிய இலை அலையை விழுங்கும், காய்ந்த இலை அந்த அளவு விழுங்காது.

ஆக, பாதையை உயர்த்த வேண்டும். மாசியில் நான் பைனாகுலரில் பார்த்து, மோட்டார் ரூம் தெரிகிறது, அதனால் பாதை சுத்தம் என்று முடிவு செய்தது தப்பு. ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை. இரண்டு முனையிலும் குறுகி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவில் இடம் எடுத்துக்கொள்ளும். ஃப்ரெனெல் மண்டலம் என்பார்கள். எங்கள் தூரத்துக்கு நடுவழியில் அதன் ஆரம் 6.4 மீட்டர். அதில் அறுபது சதவீதம், அதாவது நேர்கோட்டுக்குக் கீழே 3.9 மீட்டர், எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். நடுத்தோப்பின் மட்டை நுனி கோட்டுக்கு ஒன்றரை மீட்டர் கீழேதான் இருந்தது, அதுவும் காற்றில்லாதபோது. இரண்டு முனையிலும் கம்பத்தைப் பத்தடி உயர்த்தினோம். உயர்த்திய கம்பம் ஆடாமல் இருக்க மூன்று திசையில் ஸ்டே கம்பி இழுத்தோம். கிளாம்ப் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு, இரட்டை நட் போட்டு, அதன் மேல் துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவினோம்.

இரவுச் சத்தத்துக்குச் சேனலை மாற்றினேன், அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20-ஆகக் குறைத்தேன். அகலம் பாதியானால் உள்ளே வரும் இரைச்சலும் பாதி, 3 டிபி லாபம். அடுத்தவர் மேல் இடிக்கும் வாய்ப்பும் குறைவு. உச்ச வேகமும் பாதியாகும்தான். நண்பர்கள் சிலர் இதைக் கேட்டு வருத்தப்பட்டார்கள், வாங்கிய வேகத்தை எதற்கு விட வேண்டும் என்று. மறுபடி ஒன்பது நாள் அளந்தேன், அதே ஆடிக் காற்றில். காற்றில்லாத நேரத்து வேகம் 94-லிருந்து 85-க்கு இறங்கியிருந்தது. மிக மோசமான 20 வினாடி, முன்பு 4 ஆக இருந்தது, இப்போது 41. எனக்கு வேண்டியது 12. கேமராவுக்குச் சராசரி தெரியாது, அந்தந்த நொடியில் வழி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். அதனால் இப்போதெல்லாம் யாராவது தங்கள் இணைப்பு எவ்வளவு வேகம் என்று சொன்னால், மிக மோசமான நிமிடத்தில் எவ்வளவு என்று கேட்கிறேன்.

இன்னொரு சோதனையையும் அப்போதிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். இணைப்பு நன்றாக ஓடும்போது வேண்டுமென்றே பவரை 3 டிபி, 6 டிபி, 9 டிபி என்று குறைத்துக்கொண்டே போய், 12 எம்பிபிஎஸ் எப்போது அறுகிறது என்று பார்ப்பது. அந்தக் குறைப்புதான் கைவசம் இருக்கும் சேமிப்பு. மாசியில் இதைச் செய்திருந்தால் ஆடியை அன்றைக்கே ஓரளவு பார்த்திருப்பேன். வெட்டவெளியில் 6 டிபி என்பது தூரம் இரண்டு மடங்கானதற்குச் சமம். 15 டிபிக்குக் குறைவாகச் சேமிப்பு இருக்கும் இணைப்பைத் தோப்புக்கு நடுவே நான் இனி போட மாட்டேன். ஒரே எச்சரிக்கை, தொலைவில் இருக்கும் ரேடியோவின் பவரை வீட்டிலிருந்தபடி குறைத்தால் இணைப்பு அறுந்து, திரும்ப ஏற்ற முடியாமல் போகலாம். ஆள் அங்கே இருக்கும்போது செய்யுங்கள்.

அடுத்த வருஷம், தோப்பின் கடைக்கோடியில் இருக்கும் போர்வெல் மோட்டார் ஓடுகிறதா, தொட்டி நிறைந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மோட்டார் ரூமிலிருந்து 1.4 கிலோமீட்டர், முழுக்க மரங்களுக்கு உள்ளே. அங்கே டிஷ் வைக்க வழியில்லை. அனுப்ப வேண்டியதோ 20 பைட். அதற்கு லோரா எடுத்தேன். கொஞ்சம் டேட்டாவை மெதுவாக, வெகுதூரம் அனுப்பும் ரேடியோ முறை அது, நம் நாட்டில் உரிமம் தேவையில்லாத 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில்.

லோராவில் தூரத்தை நேரம் கொடுத்து வாங்க வேண்டும். விரிப்புக் காரணி என்று ஓர் எண், 7 முதல் 12 வரை. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 7 வைத்தால் என் 20 பைட் 57 மில்லிவினாடியில் போய்விடும். 12 வைத்தால் அதே 20 பைட்டுக்கு 1.32 வினாடி. பதிலுக்கு, இரைச்சலுக்கு 20 டிபி கீழே அமிழ்ந்து கிடக்கும் சிக்னலைக்கூட 12 படித்துவிடும். 7-க்கு அந்த எல்லை ஏழரை டிபிதான்.

முதல் நாள் சோதனையில் 300 மீட்டரிலேயே அறுந்தது. மாட்யூலோடு வந்த ஸ்பிரிங் ஆன்டெனாவைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தேன். 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலுக்கு வருவது எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படி. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, 866-க்குக் கால் அலைநீளம் என்ன என்று கணக்குப் போட்டேன்: 8.66 சென்டிமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்து, ஒற்றைக் கம்பி வயரை வெட்டி ஈயம் வைத்தேன். அதற்கே 900 மீட்டர் எட்டியது. ஆன்டெனா இல்லாமல் மட்டும் ஒருபோதும் பவர் கொடுத்துவிடாதீர்கள், வெளியே போக வழியில்லாத சக்தி சிப்பைக் கெடுத்துவிடலாம்.

அளந்த முறை இதுதான். ஒவ்வொரு இடத்திலும் நூறு பொட்டலம் அனுப்பி, வந்ததை எண்ணுவது. சிக்னல் எண்ணைப் பார்த்து முடிவு செய்வதில்லை. கருவியைக் கையில் பிடித்தபடி அளக்கக் கூடாது என்பதை இரண்டாம் நாள் கண்டேன். உடம்பு ஒரு பெரிய தண்ணீர்க் குடம், திரும்பி நின்றால் எண் மாறுகிறது. மூங்கில் கழியில் கட்டி மூன்று மீட்டர் உயரத்தில், கடைசியில் எங்கே பொருத்தப்போகிறோமோ அதே இடத்தில் வைத்து அளந்தோம். காய்ந்த நாளில் 7-க்கு நூற்றுக்கு 78 வந்தது. அதற்குள் நான் கற்றிருந்தேன், ஆடி வரை பொறுத்தேன். மழை விட்ட சாயங்காலம் அளந்தபோது 7-க்கு 41, 9-க்கு 88, 10-க்கு 97, 12-க்கு நூறும் வந்தது. 10-ஐ எடுத்துக்கொண்டேன். ஒரு செய்திக்கு 0.37 வினாடி, ஒப்புகை வராவிட்டால் இன்னும் இரண்டு முறை அனுப்பும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு செய்தி போதும் என்கிற இடத்தில் 12-ன் பொறுமை எனக்குத் தேவைப்படவில்லை, பேட்டரியும் மிச்சம்.

வைஃபை இணைப்பின் ஸ்கிரிப்ட் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது மணிக்கு ஒரு வரி. போன மாதம் காய் பறிக்க வந்த அண்ணன் சொன்னார், நடுத்தோப்புக்காரர் பட்டுப்போன மரங்களை எடுத்துவிட்டு நாற்பது நெட்டைக் கன்று வைத்திருக்கிறாராம், எங்கள் பாதைக்கு நேர் கீழே. அவரோடு போய் வரிசையை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தேன். கன்று இப்போது இடுப்பளவு இருக்கிறது. மோட்டார் ரூமுக்குக் கிழக்கே கிணற்று மேட்டில் கம்பம் நட்டால் பாதை அந்த வரிசையைவிட்டு விலகும். இந்த ஆடியில் அங்கே ஒரு மூங்கிலைக் கட்டி, ரேடியோவை வைத்து, ஒன்பது நாள் அளந்து பார்க்கப்போகிறேன்.